பட்டன் இல்லாத ஆறு சட்டைகள்

மாஸ்டர் டாக்டருக்கே அளவெடுத்த கதையைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. சிரித்து முடித்த பிறகு முகம் வாடாதவர்களும் இல்லை.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். பஸ் டிரைவர்கள், நர்சுகள், வங்கி வாசலில் நிற்கும் காவல்காரர்கள் என்று ஊரில் யூனிஃபார்ம் போடுகிறவர்களில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவர் வெட்டிய துணிதான். முன்னால் கடை, பின்னால் வீடு. டேப்போடு ஓர் ஆளைச் சுற்றி ஒரு தடவை வந்தால் போதும், பதினோரு அளவும் தலையில் ஏறிவிடும். நாலு பேருக்குச் சேர்த்து அளவெடுத்து, அவர்களை வழியனுப்பி, டீயும் குடித்துவிட்டுச் சாவகாசமாக மாஸ்டரம்மாவிடம் ஒப்பிப்பார். அவள் நோட்டில் எழுதுவாள். கால் அங்குலம் பிசகாது. மனுஷனுக்கு அதற்கேற்ற கொழுப்பும் உண்டு. "நோட்டு உனக்காகத்தான், எனக்கு எதுக்கு?" என்பார்.

அந்தத் தலையில்தான் கட்டி வந்தது. நெற்றிக்குப் பின்னால், இரண்டு பக்கமும். கட்டியை எடுக்கும்போது அதைச் சுற்றி இருந்ததையும் கொஞ்சம் எடுக்க வேண்டியதாயிற்று. பிழைத்தாரா என்றால் பிழைத்தார். நடந்தார், சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் அவராக ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி மனுஷன், மாதக்கணக்கில் தானாக ஒரு பேச்சில்லை.

மறு பரிசோதனைக்குப் போனபோதுதான் அந்தக் கூத்து நடந்தது. டாக்டரம்மாவின் மேஜையில், தலையைச் சுற்றி அளக்கிற டேப் ஒன்று கிடந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். எழுந்தார். டாக்டரம்மாவின் முதுகுப் பக்கம் போய், டேப்பை வைத்து, "தோள் பதினாலரை" என்றார். மாஸ்டரம்மா என்ன செய்தாள் தெரியுமா? தடுத்திருக்க வேண்டாமா? இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா! பேனாவை எடுத்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் 'தோள் 14½' என்று எழுதிக்கொண்டாள். "கை இருபத்தொண்ணு." அதையும் எழுதினாள். டாக்டரம்மா நல்ல மனுஷி, ஆடாமல் நின்று கொடுத்தாள். பிறகு டேப்பை மெதுவாக வாங்கி டிராயருக்குள் போட்டு மூடினாள். டேப் கண்ணை விட்டு மறைந்ததும் மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"தோள் எவ்வளவுன்னு சொன்னீங்க மாஸ்டர்?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"எந்தத் தோள்?" என்றார் அவர்.

டாக்டரம்மா தன் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு மாஸ்டரம்மாவிடம் பேசினாள். "ஒரு போன் நம்பரை ஒருத்தர் சொல்றார், நீங்க போட்டு முடிக்கிற வரைக்கும் அதை மனசுல பிடிச்சு வெச்சிருக்கீங்க இல்லையா? அந்தப் பிடி நெத்திக்குப் பின்னாலதான்மா இருக்கு. இவருக்கு அது போயிடுச்சு. எதுவும் ரெண்டு மூச்சுக்கு மேல நிக்காது. 'இது வேணாம், கையை எடு'ன்னு தடுக்கறதும் அதே இடம்தான். அதனால எதிர்ல என்ன இருக்கோ அதுதான் இவரை நடத்தும். சாவி இருந்தா திருகுவார். ஆள் இருந்தா, அந்த ஆள் செய்யறதைச் செய்வார்."

"அப்போ உள்ள அவர் இருக்காரா, இல்லையா?"

"எங்களுக்குள்ளேயே ரெண்டு கட்சிம்மா. முன்பக்கம் போனா உணர்வும் போச்சுங்கறது ஒரு கட்சி. உணர்வெல்லாம் பின்பக்கம்தான், முன்பக்கம் அதைப் பிடிச்சு வெச்சு வெளியில சொல்றதுக்கு மட்டும்தான்னு இன்னொரு கட்சி. ரெண்டாவது கட்சி சொல்றது சரின்னா, இவர் எல்லாத்தையும் உணர்வார். சொல்லத்தான் முடியாது."

"நீங்க எந்தக் கட்சி?"

"உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியலை."

வீட்டுக்கு வந்த பிறகு மாஸ்டரம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேஜையில் துணி இருந்தால் வெட்டுவார். எந்தத் துணி என்பதெல்லாம் கிடையாது. ஜன்னல் திரையை வெட்டினார். குனிந்து பணம் எடுத்த டிரைவர் ஒருவரின் சட்டை நுனி மேஜைமேல் கிடந்தது, அதையும் வெட்டினார், அதுவும் நேர்கோட்டில் அழகாக. அவள் கோடு போட்டுக் கொடுத்தால் கோட்டின் மேலேயே கத்தரி போகும், அந்தக் காலத்து மாஸ்டர் தோற்றார். கத்தரிக்கோலை எடுத்து ஊசி நூலை வைத்தால் தைப்பார். ஊசியை எடுத்து இஸ்திரிப் பெட்டியை வைத்தால் தேய்ப்பார். எதை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்று பார்த்துக்கொள்வது அவள் வேலையாயிற்று. பிடித்து வைக்கும் அந்த இடம் அவர் தலையிலிருந்து கிளம்பி அவள் தலைக்குள் குடிவந்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு மத்தியானம் அவள் கறிகாய் வாங்கப் போய்த் திரும்பியபோது, அவர் ட்ரையல் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ! கண்ணாடிக்குள் இருந்தவர் இவரைப் பார்த்தார், இவர் அவரைப் பார்த்தார். அவர் அசைந்தால் இவர் அசையலாம். இவர் அசைந்தால் அவர் அசையலாம். இரண்டு பேருமே அசையவில்லை. கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. அன்றே கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

இன்னொரு நாள் மிஷின் ஊசி அவர் விரல் நகத்துக்குள் இறங்கிவிட்டது. சத்தமே இல்லை. துணியில் ரத்தம் பரவியதைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது.

"ஐயோ, வலிக்குதாங்க?"

"வலிக்குது."

"எங்க வலிக்குது?"

"என்ன எங்க?" என்றார், விரலில் ஊசியோடு.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. வலித்ததா, வலிக்கவில்லையா? பிடித்து வைக்க இடமில்லாத வலி, வலிதானா? இல்லை, முழு வலியும் வலித்து, வலித்தது என்பதே அடுத்த மூச்சில் அழிந்து, மறுபடி முதல் தடவையாக வலிக்கிறதா? யாரிடம் போய்க் கேட்பது!

மாஸ்டரின் அண்ணன், அவளுக்கு மூத்தார், அச்சாபீஸ் வைத்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு இந்தப் பதினாலு மாதமும் ஞாயிறு தவறாமல் வந்து தம்பிக்குத் தலைவாரி விட்டவர். அவர்தான் ஓர் இல்லத்தைக் கண்டுபிடித்தார். இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்வதற்கென்றே இருக்கிற இடம். செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சுத்தமான இடம்தான். அங்கிருந்த நிர்வாகியம்மா ஓர் அறையைத் திறந்து காட்டினாள். வெள்ளைச் சுவர், தரையோடு சேர்த்துப் பதித்த படுக்கை, வேறு ஒரு துரும்பு இல்லை.

"இந்த மாதிரி ஆளுங்களுக்கு ரூம்ல எதுவும் வைக்க மாட்டோம்மா. எதைப் பார்த்தாலும் கை போகும் பாருங்க. ஒண்ணுமே இல்லைன்னா அப்படியே அமைதியா உட்கார்ந்துடுவாங்க. ஒரு தொந்தரவும் கிடையாது" என்றாள். கதவு உள்ளங்கை அகலத் தடிமன். கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் முதல் வரி: சட்டை ஆறு, பட்டன், பாக்கெட், காலர், நாடா எதுவும் கூடாது.

திரும்பும் வழியில் மூத்தார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "பாரும்மா. உனக்கு நாப்பத்தி நாலு வயசு. அவன் இனிமே வர மாட்டான். உள்ள ஆள் இல்லைம்மா. என் தம்பி ஆபரேஷன் அன்னிக்கே போயிட்டான். இது அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு நடமாடற உடம்பு." சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க மாமா" என்றாள் அவள். "உள்ள ஆள் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சா நானே கையெழுத்துப் போடறேன். இருந்தா மாட்டேன்."

"எப்படித் தெரிஞ்சுக்குவே?"

"பார்க்கறேன்."

புதன்கிழமை முழுக்க அவர் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். கல்யாணத்தன்று மழை வந்ததைச் சொன்னாள். அவள் வாய் அசைந்தது போலவே அவர் வாயும் அசைந்தது. சிரித்தாள், சிரித்தார். போதும் போதும் என்றாகி அழுதாள். அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. அவருக்கென்று ஒரு துளி இருக்காதா, ஒன்றே ஒன்று? இருந்தாலும் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது! அவள் மூக்கைத் துடைத்தாள், அவரும் துடைத்தார். அழுகை அப்படியே கோபமாக மாறி, "போதும், நிறுத்துங்க!" என்று கத்தினாள். "போதும், நிறுத்துங்க!" என்று அவரும் கத்தினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எதிரில் இருப்பதுதான் அவரை நடத்துகிறது என்றால், அவள் எதிரில் இருக்கும்வரை அவர் முகத்தில் தெரிவது அவள்தான். மேஜை இருந்தால் மேஜை, மிஷின் இருந்தால் மிஷின். எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், தன்னையும் சேர்த்து. பிறகும் ஏதாவது மிஞ்சினால் அது அவர்.

துணிக்கட்டு அடுக்கும் பின் அறையைக் காலி செய்தாள். அன்று ராத்திரி பூராவும் பிடித்தது. ஆணிகளைப் பிடுங்கினாள். காலண்டரைக் கழற்றினாள். கடிகாரம் போயிற்று. சுவரில் காரை பெயர்ந்த இடத்துக்கு அவர் விரல் போகும் என்று மாவைக் குழைத்துப் பூசினாள். கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், அது போதும். நடுவில் ஒரு ஸ்டூல். விடிந்ததும் அவரை உட்கார வைத்து, வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, கீல் பக்கத்து இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவர் சட்டைப் பட்டனைக் கழற்றினார், போட்டார். கழற்றினார், போட்டார். நாற்பது தடவை. அந்தப் பட்டியலை எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஆறு சட்டைகளையும் அவளே வெட்டித் தைத்து முடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் தனியாக வெட்டியது அதுதான் முதல் தடவை. காலர் இல்லை, பட்டன் இல்லை, பாக்கெட் இல்லை. விரல் நுழைக்க ஓர் ஓரம்கூட இல்லாமல் மடிப்பை உள்ளே அடித்தாள். தைத்து முடித்ததை விரித்துப் பார்க்காமலே மடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கடையைச் சாத்தினாள். சட்டையை மாட்டி, அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள். இடுக்கில் கண்ணை வைத்தாள்.

அவர் கைகள் மடியில் கிடந்தன. முகம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. கடை சாத்தியபின் மிஷின் எப்படி இருக்குமோ அப்படி இருந்தார். சரி, மூத்தார் சொன்னதுதான் சரி என்று அவள் மனசுக்குள் பேனாவை எடுத்துக் கையெழுத்தே போட்டுவிட்டாள்.

அப்போது அவர் கழுத்து திரும்பியது. எந்தச் சத்தமும் கேட்டுத் திரும்பவில்லை. அவராகத் திரும்பினார். சுவரைப் பார்த்தார். தன் கைகளைத் தூக்கி, யாருடையவோ என்பது போலப் பார்த்தார்.

"யாராவது இருக்கீங்களா?" என்றார்.

அது பதில் சொல்லும் குரல் இல்லை. பதினாலு மாதமாக அந்த வீட்டில் கேட்காத குரல், அவருடைய சொந்தக் குரல். அடியில் லேசாகக் கரகரக்கும் அதே குரல். ஆனால் அதில் கொழுப்பு இல்லை. பயம் இருந்தது. கூட்டத்தில் கைவிட்டுப்போன குழந்தையின் பயம்.

"இங்க ஒருத்தி இருப்பாளே" என்றார். "அவ எங்க?"

மாஸ்டரம்மா கதவில் கை வைத்தாள். தள்ளப் பார்த்தாள், அதற்குள் உள்ளே அவர் முகம் மெல்ல அணைந்தது. இரண்டு மூச்சு. மறுபடி கழுத்து திரும்பியது. மறுபடி சுவர், மறுபடி கைகள். இந்த நொடிதான் அங்கே வந்து விழுந்தவர் போலத் திடுக்கிட்டார்.

"யாராவது இருக்கீங்களா? இங்க ஒருத்தி இருப்பாளே. அவ எங்க?"

அதே பயம், ஒரு துளி குறையாமல். முன்பு கேட்டதும் நினைவில்லை, பதில் வரவில்லை என்பதும் நினைவில்லை. மறுபடி அணைந்தார். மறுபடி வந்தார்.

ஆறாவது தடவை அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தாள். "இதோ இருக்கேங்க! நான்தாங்க!"

அவர் அவளைப் பார்த்தார். அவள் வாய் கோணி அழுதது, அவர் வாயும் கோணி அழுதது. "இதோ இருக்கேங்க, நான்தாங்க" என்றார், அவளுடைய உச்சக் குரலிலேயே. தோளைப் பிடித்து உலுக்கினாள். அவரும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். தேடிக்கொண்டிருந்த ஆள் போய்விட்டார். அவள் வந்த நொடியிலேயே போய்விட்டார்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வந்தார். "அவ எங்க?" கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே சன்னமாக, "இங்கதான் இருக்கேன்" என்றாள். "இங்கதான் இருக்கேன்" என்றது உள்ளே. குரல் கொடுத்தாலும் போய்விடுகிறார். அவள் இல்லாத இடத்தில்தான் அவர் இருக்கிறார். அவள் இருந்தால் அவர் இல்லை. இதற்கு என்ன செய்வாள், சொல்லுங்கள்!

முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். இருக்கிறார், தன்னைத் தேடுகிறார் என்று மனசு துள்ளியது. அடுத்த கணமே அந்தத் துள்ளல் செத்தது. பதினாலு மாதமாகக் கை சும்மா இருந்த ஒவ்வொரு நேரமும் இவர் இப்படித்தான் இருந்தாரா? அவள் குளிக்கப் போனபோதும், கடைக்குப் போனபோதும், வாய்கூடத் திறக்காமல் உள்ளே இப்படியே கேட்டுக்கொண்டிருந்தாரா?

உடனே போய் அவர் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். அவளுக்கே தெரியும். ஆனால் போகவில்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கட்டின புருஷன் தன்னைத் தேடும் குரலைப் பதினாலு மாதம் கழித்துக் கேட்கிறவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை மூத்தார் படிவத்தோடு வந்தார்.

"என்னம்மா, பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா. இருக்கார்."

அவர் பெருமூச்சு விட்டார். "உன் மனசுக்கு அப்படித் தோணும்மா. அங்க போனா அமைதியா..."

"அங்கதான் மாமா இருப்பார். அந்த ரூம்ல உட்கார வெச்சா பகல் பூரா இருப்பார். அதுக்குத்தான் அனுப்ப மாட்டேங்கறேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எழுந்தாள். மாஸ்டருக்கு அந்தச் சட்டையை மாட்டி, அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, மூத்தாரிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். கதவு மெல்லிசுக் கதவு, எல்லாம் கேட்கும்.

பத்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டது. மூத்தார் கதவில் காதை வைத்தார். இரண்டாவது தடவை கேட்டபோது அவளைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை, அதே சொற்கள், அதே பயம், "அவ எங்க?" என்று வந்தபோது அவர் கதவிலிருந்து விலகினார்.

"கதவைத் தொறம்மா" என்றார். "சீக்கிரம் தொற. அவன் கையில எதையாவது குடு!"

அவள் திறந்து, தயாராக வைத்திருந்த கத்தரியையும் துணியையும் கொடுத்தாள். மாஸ்டர் வெட்டத் தொடங்கினார். முகம் தெளிந்தது. அந்த முகத்தில் இப்போது யாரும் இல்லை. அந்தப் பயமும் இல்லை. மூத்தார் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தம்பி பக்கம் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

இப்போது மாஸ்டரம்மாவின் நாள் எப்படிப் போகிறது என்றால், கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை அவர் கையைச் சும்மா விடுவதில்லை. பல் துலக்கும் பிரஷை எடுப்பதற்குள் சீப்பு, சீப்பை எடுப்பதற்குள் தட்டு. தட்டுக்குப் பிறகு நர்சு கோட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் கையில் ஒரு நூல்கண்டைக் கொடுத்துவிட்டுத்தான் குளிக்கிறாள். அவர் தைத்தது அத்தனையும் கச்சிதம். வாடிக்கையாளர்கள், மாஸ்டர் பழையபடி ஆகிவிட்டார் என்று சந்தோஷப்படுகிறார்கள். ஆமாம் என்கிறாள்.

அந்த ஆறு சட்டைகளில் ஐந்தைக் கிழித்துத் துடைக்கிற துணியாக்கிவிட்டாள். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறாள். பிற்பகல், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அதை அவருக்கு மாட்டி, பின் அறையில் உட்கார வைத்துவிட்டு, வெளியே வந்து கதவோரம் உட்கார்ந்துகொள்கிறாள். பாவம் என்று அவளுக்குத் தெரியாமலா? மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விடுகிறாள். "அவ எங்க?" என்று ஒரு தடவை அவர் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள்.

சில நாட்களில், இரண்டு தடவை.